சொந்தத் தீவனம், கொறங்காட்டு மேய்ச்சல்: சிறுவிடைக் கோழியில் எது நிற்கிறது, எது நிற்பதில்லை

சிறுவிடை என்கிற சிறிய உடலுள்ள நாட்டுக்கோழி வளர்ப்பில் காசு கரைகிற இடம் தீவன மூட்டைதான். மொத்தச் செலவில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு அதற்கே போய்விடும். அசோலா (தண்ணீரில் மிதந்து வளரும் சிறு பெரணி), கறையான், தவிடு, நொய் என்று ஆளாளுக்கு ஒரு சிக்கன வழி சொல்வதும் அதனால்தான். காங்கேயம், வெள்ளகோவில், மூலனூர்ப் பக்கத்துக் கொறங்காடுகளிலும் (வேலி அடைத்த மேய்ச்சல் நிலம்), பல்லடம், உடுமலைப் பக்கத்துத் தோப்புகளிலும் நூறு, இருநூறு உருப்படி வைத்திருப்பவர்களுக்காக இந்த வழிகளைப் பல பருவம் புழங்கிய பார்வையில் எழுதுகிறோம்.

முதல் எட்டு வாரம் தீவனத்தில் கை இறுகக் கூடாது. எட்டு வாரம் தாண்டினால் கை நீளக் கூடாது. தோட்டங்களில் பெரும்பாலும் இது தலைகீழாக நடக்கிறது. குஞ்சுக்கு நொய்யும் தவிடும் போட்டு ஓட்டுவார்கள். விற்கிற நேரத்தில் எடை போதவில்லை என்று கம்பெனித் தீவனத்தை வாங்கிக் கொட்டுவார்கள்.

கணக்குப் போட்டால் விளங்கும். மேய்ச்சல் இல்லாமல் கொட்டகையில் வளரும் சிறுவிடை, 16 வாரத்தில் சுமார் ஐந்தரைக் கிலோ தீவனம் எடுக்கும். இதில் முதல் எட்டு வாரத்துக்கு ஒன்றே முக்கால் கிலோகூடப் போகாது. மிச்சம் ஏறக்குறைய நான்கு கிலோ அடுத்த எட்டு வாரத்தில் போவது. குஞ்சுப் பருவத்தில் புரதம் குறைந்தால் இறகு சரியாகப் பொதியாது, எலும்பு ஏறாது, விற்பனை எடை வர நான்கு வாரம் தள்ளும். அந்த வயதுக் கோழி நாளொன்றுக்கு 80 கிராம் தின்றால், தள்ளிப்போன நான்கு வாரத்துக்கு மட்டும் இரண்டே கால் கிலோ. குஞ்சுக்குப் போட்டிருக்க வேண்டிய மொத்தத் தீவனத்தை விட இது அதிகம். சிக்கனம் பண்ண வேண்டியது பின்பாதி நான்கு கிலோவில். மேய்ச்சல் உதவுவதும் அங்கேதான்.

குஞ்சுத் தீவனம் 100 கிலோவுக்கு: மக்காச்சோளம் 50, கம்பு 8, சோயாப் புண்ணாக்கு 23, நல்ல தவிடு 8, உப்பில்லாத கருவாட்டுத் தூள் 8, தாது உப்புக் கலவை 2, டைகால்சியம் பாஸ்பேட் 1. புரதம் 20 சதவீதம் வரும். எட்டு வாரத்துக்கு மேல்: மக்காச்சோளம் 40, கம்பு அல்லது சோளம் 14, தவிடு 20, சோயாப் புண்ணாக்கு 12, கடலைப் புண்ணாக்கு 6, கருவாட்டுத் தூள் 5, தாது உப்பு 2, கிளிஞ்சல் தூள் 1. இதில் புரதம் 17 சதவீதத்தை ஒட்டி நிற்கும். குஞ்சுக்கு ரவைப் பதம், பெரியதற்கு நொய்ப் பதம். மாவாக அரைத்தால் அலகில் அப்பிக்கொண்டு தண்ணீர்த் தட்டில் கரையும், பாதி வீண். தாது உப்பையும் பாஸ்பேட்டையும் நேராகக் குவியலில் கொட்டக் கூடாது. முதலில் ஐந்து கிலோ தவிட்டில் கலந்து, அதை இருபது கிலோவாகப் பெருக்கி, பிறகு மொத்தத்தோடு சேர்த்து நான்கு முறை புரட்ட வேண்டும். இல்லாவிட்டால் ஒரு கோழிக்கு உப்பாகவும் இன்னொன்றுக்கு வெறும் சோளமாகவும் போகும்.

சாமான் வாங்கும்போது ஏமாறுவது மூன்றில். கருவாட்டுத் தூளில் ஒரு கைப்பிடியை டம்ளர் தண்ணீரில் போட்டுக் கலக்கி, ஐந்து நிமிடம் வையுங்கள். அடியில் மணல் தங்கும். விரல் கனத்துக்குப் படிந்தால் அந்த மூட்டை வேண்டாம். மேலே நிற்கும் தண்ணீரை நாக்கில் தொட்டுக் கரித்தாலும் வேண்டாம்; உப்பு ஏறினால் கோழி தண்ணீரை மொண்டு குடித்து, கழிச்சல் எடுத்து, கொட்டகைத் தரையில் பரப்பிய கூளத்தையே நனைத்துவிடும். தவிட்டை உள்ளங்கையில் வைத்து மெல்ல ஊதினால் கலந்த உமி பறந்து காட்டிக்கொடுக்கும். மக்காச்சோளத்தைக் கடித்தால் ‘டக்’கென்று உடைய வேண்டும். அமுங்கினால் ஈரம் மிச்சமிருக்கிறது.

அந்த ஈரத்தை இலேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. புரட்டாசிப் பட்டத்து மக்காச்சோளம் தை, மாசியில் களத்துக்கு வரும்போது விலை இறங்குகிறது என்று ஒட்டுமொத்தமாக வாங்கி அடுக்குகிறார்கள். காயாத சோளத்தில் பச்சையாகவோ கருப்பாகவோ பூஞ்சணம் பிடித்தால் அதன் நஞ்சு ஈரலில்தான் இறங்கும். கோழி உடனே சாகாது. எடை நிற்கும், தடுப்பூசி போட்டும் நோய் வரும், காரணம் தெரியாமல் மருந்துக்குச் செலவழிப்பீர்கள். கடலைப் புண்ணாக்கு இதில் இன்னும் மோசம். அதனால்தான் குஞ்சுத் தீவனத்தில் அதைச் சேர்க்கவில்லை. ஐப்பசி, கார்த்திகையில் அரைத்ததைப் பத்து நாளைக்குள் தீர்த்துவிட வேண்டும். மூட்டைகள் பலகை மேல், சுவரிலிருந்து ஓரடி தள்ளி இருக்கட்டும்.

காங்கேயத்து ஆலைகளில் தேங்காய்ப் புண்ணாக்கு எளிதாகக் கிடைக்கிறது. வளர்ந்த கோழிக்கு நூற்றில் ஐந்து பங்கு வரை போடலாம். அதற்கு மேல் போனால் நார் கூடும், வளர்ச்சிக்குத் தேவையான லைசின் குறையும். காறல் வாடை அடித்தால் மாட்டுக்கும் வேண்டாம். கட்டுத்தரையில் மாட்டுக்கு வைத்திருக்கும் பருத்திப் புண்ணாக்கைக் கோழிக்குப் போடாதீர்கள். அதிலுள்ள காசிப்பால் கோழிக்கு ஆகாது. பச்சைச் சோயாவையும் நேராக அரைத்துப் போடக் கூடாது. வேகாத சோயாவில் புரதச் செரிமானத்தைத் தடுக்கும் பொருள் இருக்கிறது.

அசோலா பற்றி நேர்மையாகச் சொல்ல வேண்டும். பாதித் தீவனம் மிச்சம் என்று சொல்லிக்கொண்டு திரிவது கணக்குப் பார்க்காத பேச்சு. ஒரு கிலோ பச்சை அசோலாவைக் காயவைத்தால் 60 கிராம் நிற்கும். அதில் புரதம் 15 கிராம். 33 கிராம் சோயாப் புண்ணாக்கில் அதே புரதம் கிடைத்துவிடுகிறது. ஆறுக்கு மூன்றடித் தொட்டியில் ஒரு நாளைக்கு 300, 400 கிராம்தான் அள்ள முடியும். சித்திரை வெயிலில் நிழல் வலை இல்லாவிட்டால் சிவந்து சுருங்கும், ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரில் பெருகாது. ஆனாலும் விட வேண்டாம். மஞ்சள்கரு நிறம் ஏறும், கோழிக்கு நாளெல்லாம் கொத்த ஏதாவது இருக்கும். அது கீரைக்குச் சமம், தீவனத்துக்குச் சமமில்லை.

கறையான் அப்படியல்ல, குஞ்சுக்கு உண்மையாகவே உதவும். பழைய மண்பானையில் கிழிந்த சணல் சாக்கு, காய்ந்த சாணி, ஓலைத் துண்டு திணித்து, தண்ணீர் தெளித்து, புற்று நடமாட்டம் உள்ள இடத்தில் பொழுது சாய்கையில் கவிழ்த்து வையுங்கள். விடிந்ததும், வெயில் ஏறும் முன் எடுத்துவிட வேண்டும்; சூடு தட்டினால் கறையான் மண்ணுக்குள் இறங்கிவிடும். ஒரு பானை பத்துப் பதினைந்து குஞ்சுக்குக் காணும். நூறு குஞ்சுக்கு ஏழெட்டுப் பானை தினமும் வைக்க ஆள் வேண்டும் என்பதால் இது தாய்க்கோழியோடு திரியும் சிறு கூட்டத்துக்குத்தான் பொருந்தும்.

குஞ்சு சாவதில் பெரும்பங்கு முதல் வாரங்களில், அதிலும் வெப்பம் தவறுவதால். முதல் வாரம் 95 டிகிரி ஃபாரன்ஹீட், வாரம் ஐந்து டிகிரி குறைத்துக்கொண்டே வர வேண்டும். நூறு குஞ்சுக்கு நான்கைந்தடி வட்டத்தில் ஒன்றரை அடி உயரத் தகட்டுத் தடுப்பு, அதற்குள் 60 வாட் குண்டு பல்பு இரண்டு, மார்கழியில் மூன்று. எல்இடி பல்பு மாட்டிவிட்டு வெளிச்சத்தைப் பார்த்துத் திருப்தியடைகிறார்கள், அதில் சூடே இல்லை. வெப்பமானி இல்லாவிட்டாலும் குஞ்சே சொல்லும். பல்புக்கடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் குளிர். தடுப்போரம் ஒதுங்கி வாயைத் திறந்தால் சூடு அதிகம். எல்லாம் கிழக்குப் பக்கமாகவே குவிந்தால் மேற்கிலிருந்து காற்று நுழைகிறது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆனி, ஆடியில் பொள்ளாச்சி தொடங்கித் தாராபுரம் வரை அடித்து வாங்குகிற நாட்டில் இது சாதாரணமாக நடக்கும். மேற்குப் பக்கம் தரையிலிருந்து மூன்றடிக்குச் சாக்குப் படுதா கட்டி, மேலே காற்றோட்டத்துக்குத் திறந்துவிடுங்கள். முழுக்க மூடினால் அமோனியா நெடியில் கண் எரியும், சளி பிடிக்கும்.

கூளத்துக்கு நெல் உமியோ கடலைத் தொட்டியோ இரண்டங்குலம். தென்னை நார்க்கழிவு இங்கே மலிவுதான், மழைக்காலத்தில் தண்ணீரை இழுத்து வைத்துக்கொள்ளும். கைப்பிடி கூளத்தைப் பிடித்து விட்டால் உதிர வேண்டும். கொழுக்கட்டையாக நின்றால் மூன்றாவது வாரத்திலிருந்து ரத்தக் கழிச்சலை எதிர்பார்க்கலாம். அதற்கு மருத்துவர் ஆம்புரோலியம் எழுதிக் கொடுத்தால், அந்த நாட்களில் பி வைட்டமின் டானிக்கை நிறுத்துங்கள். மருந்து வேலை செய்வதே கிருமிக்குத் தயமின் என்கிற பி வைட்டமின் கிடைக்காமல் பண்ணித்தான். நாமே அதை ஊற்றினால் மருந்து வீண்.

வெள்ளைக் கழிச்சலுக்கு மருந்து கிடையாது, தடுப்பூசி மட்டுந்தான். ஏழாம் நாள் லசோட்டா என்கிற அதன் தடுப்பு மருந்து கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு, 14-ஆம் நாள் கம்போரோ என்கிற வேறொரு நோய்க்கான தடுப்பு மருந்து, 28-ஆம் நாள் குடிதண்ணீரில் லசோட்டா. ஏழாம் வாரம் குடற்புழு நீக்கி, எட்டாம் வாரம் இறக்கைக்கடியில் தோலுக்கடியில் அரை மில்லி வெள்ளைக் கழிச்சல் தடுப்பூசி. அது அரசு கால்நடை மருந்தகத்திலேயே கிடைக்கும். குடிதண்ணீரில் கொடுக்கும் நாள் குளோரின் கலந்த குழாய்த் தண்ணீர் கூடாது. லிட்டருக்கு ஐந்து கிராம் கொழுப்பு நீக்கிய பால் பவுடர் கலந்து, அதற்கு முன் இரண்டு மணி நேரம் தாகமாக வைத்தால் எல்லாக் குஞ்சும் ஒரே சமயத்தில் குடிக்கும்.

எட்டு வாரத்துக்கு மேல் காலையில் ஒரு பங்கு தீவனம் வைத்து, கிளுவை வேலிக்குள் கொறங்காட்டில் அவிழ்த்துவிட்டு, சாயங்காலம் மிச்சத்தை வைத்து அடையுங்கள். புல் விதையும் பூச்சியும் கிடைக்கிற மழைக்குப் பிந்தின மாதங்களில் தீவனத்தை மூன்றில் ஒரு பங்கு வரை குறைக்கலாம். மாசி, பங்குனியில் காடு காய்ந்து கிடக்கும்போது குறைத்தால் கோழி நடந்து நடந்தே எடையைத் தொலைக்கும். வெள்வேல மரத்து நிழல் பிறாந்திலிருந்து (பருந்து) காக்கும்; கீரிக்கு வேலியடியில் வலையைப் புதைத்துத்தான் ஆக வேண்டும். கொட்டகையில் நெருக்கி வைத்தால் இறகு கொத்தும் பழக்கம் ஒட்டும். கோழிக்கு இரண்டு சதுர அடி கொடுத்து, அகத்திக் கொத்தைக் கழுத்து எட்டும் உயரத்தில் கட்டித் தொங்கவிட்டால் பெரும்பாலும் அடங்கும்.

குஞ்சு இறக்கும் மாதத்தை விற்பனை மாதத்திலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். பங்குனிக் குஞ்சு ஆடி நோம்பிக்கு வரும். ஆனிக் குஞ்சு தீபாவளிக்கு வரும். வைகாசியில் இறக்கினால் 16 வாரம் முடிகிறபோது புரட்டாசி பிறந்து, வாங்க ஆளில்லாமல் ஒரு மாதம் கூடுதலாகத் தீனி போட நேரும். அப்படி இறக்கிய கூட்டத்தில் வெடைகளை (பெட்டைகளை) முட்டைக்கு நிறுத்திவிட்டு, சாவல்களை மட்டும் ஆவணி முடிவதற்குள் குறைந்த எடையிலாவது கொடுத்துவிடுவதுதான் நஷ்டம் குறைந்த வழி.