‘டிரிஃப்ட் ரெடி’ ஆர்சி கார் செட்: பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

முதல் ஆர்சி (ரிமோட்டில் ஓடும்) டிரிஃப்ட் காருக்கு, அதாவது வாலைப் பக்கவாட்டில் சறுக்கவிட்டு ஓட்டும் காருக்குப் பணம் சேர்த்துக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ‘1/10 பின்சக்கர டிரிஃப்ட், ஜைரோ, பிரஷ்லெஸ் மோட்டார், பெட்டியைத் திறந்ததும் ஓட்டலாம்’ என்று விளம்பரம் செய்த ஓர் ஆன்லைன் கடையில் 28,000 ரூபாய் கொடுத்து வாங்கினேன். விளம்பரத்தில் சொன்னதில் ஒன்றுகூட உருப்படியாக இல்லை.

பாடியைக் கழற்றியதுமே முன்பக்கம் ஒரு கியர்பாக்ஸ் தெரிந்தது. பின்சக்கரத்துக்கு மட்டும் மோட்டார் சக்தி போகும் வண்டிக்கு அங்கே கியர்பாக்ஸ் எதற்கு? டமியா கம்பெனியின் டிடி-02 மாடலைப் பார்த்துச் செய்த, நான்கு சக்கரத்துக்கும் சக்தி போகும் சேஸி (அடிச்சட்டம்) அது. முன்சக்கரங்களைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்ட் இரண்டையும் உருவிவிட்டு, பின்சக்கர வண்டி என்று பெயர் மாற்றி விற்றிருக்கிறார்கள். நடுவே ஓடும் நீள ஷாஃப்ட்கூட அப்படியே இருந்தது. யோகோமோ ஒய்டி-2, எம்எஸ்டி ஆர்எம்எக்ஸ் போன்ற சேஸிகள் பின்சக்கர டிரிஃப்டுக்கென்றே வடிவமைத்தவை. அவற்றில் முன்சக்கரம் மிக அகலமாகத் திரும்பும். வால் வெளியே போகும்போது முன்சக்கரம் எதிர்ப்பக்கம் அந்த அளவுக்குத் திரும்பினால்தான் வண்டி சறுக்கிலேயே நிற்கும். எனக்கு வந்ததில் அதில் பாதிகூடத் திரும்பவில்லை. லேசாக வால் விலகினாலே ஒரு சுற்று சுற்றி நின்றுவிடும்.

சேஸியையாவது பொறுத்துக்கொள்ளலாம். சர்வோ (முன்சக்கரத்தைத் திருப்பும் சிறு மோட்டார்) விஷயத்தில் செய்தது அப்பட்டமான மோசடி.

ஜைரோ இல்லாமல் பின்சக்கர டிரிஃப்ட் காரை ஓட்டுவது மிகவும் கஷ்டம். வால் விலகுவதை உணர்ந்து, நம் விரல் அசைவதற்குள் ஜைரோ என்ற இந்தச் சிறு உணர்கருவி ஸ்டியரிங் சர்வோவை எதிர்ப்பக்கம் திருப்புகிறது. அதற்கு ஈடுகொடுக்க வேகமான டிஜிட்டல் சர்வோ வேண்டும். சாதாரண அனலாக் சர்வோ விநாடிக்குச் சுமார் 50 சிக்னலுக்காகச் செய்தது. ஜைரோவை டிஜிட்டல் மோடில் வைத்தால் 333 வரை அனுப்பும். அனலாக் சர்வோ அதைத் தாங்காமல் சூடாகிக் கருகிவிடும்.

நடந்ததும் அதுதான். முதல் நாள் மாலையே முன்சக்கரங்கள் நடுங்க ஆரம்பித்தன, அப்புறம் கருகல் வாடை, அத்தோடு ஸ்டியரிங் போனது. சர்வோவைக் கழற்றினால் ‘டிஜிட்டல்’ என்ற ஸ்டிக்கரின் ஓரம் தூக்கிக்கொண்டிருந்தது. உரித்துப் பார்த்தேன். அடியில் சர்வோ கம்பெனியின் சொந்த லேபிளில் அனலாக் என்றே அச்சிட்டிருக்கிறது. ஜைரோவில் மோட் சுவிட்சை டிஜிட்டலில் வைத்து அனுப்பியதும் அவர்கள்தான்.

போன் செய்தேன். “நீங்க கெயின் அதிகமா வெச்சிருப்பீங்க ப்ரோ, எலக்ட்ரானிக்ஸுக்கு வாரண்டி கிடையாது” என்றார்கள். கெயின் என்பது ஜைரோ எவ்வளவு பலமாக ஸ்டியரிங்கைத் திருத்த வேண்டும் என்ற அளவு. ஸ்டிக்கரின் படத்தை அனுப்பியதும் என் நம்பரை பிளாக் செய்துவிட்டார்கள்.

மோட்டாரும் சென்சார்டு (சுழலும் நிலையைச் சென்சார் மூலம் சொல்லும் வகை) இல்லை. டிரிஃப்டில் மெதுவான வேகத்திலும் ஆக்சிலரேட்டரை நூல் பிடித்த மாதிரி கட்டுப்படுத்த வேண்டும். சென்சார் இல்லாத மோட்டார் அங்கேதான் திக்கித் திக்கி இழுக்கும்.

எந்தக் கடையாக இருந்தாலும் பாடியைக் கழற்றி, சேஸியை மேலிருந்தும் கீழிருந்தும் எடுத்த படம் கேளுங்கள். முன்னால் கியர்பாக்ஸ் இருந்தால் வேண்டாம். மோட்டாரின் பின்முனையில் ஆறு ஊசி (pin) கொண்ட சென்சார் சாக்கெட் தெரிய வேண்டும். சர்வோவின் மாடல் எண்ணை பில்லிலேயே எழுதித் தரச் சொல்லி, அந்த எண்ணைத் தயாரிப்பாளரின் தளத்தில் நீங்களே தேடிப் பாருங்கள். ரிசீவரில் மூன்று சேனல் இருக்கிறதா என்றும் கேளுங்கள், இருந்தால்தான் ஜைரோ கெயினை ரிமோட்டிலிருந்தே மாற்ற முடியும். என்னைக் கேட்டால், செட்டாக வாங்காமல் நல்ல சேஸி கிட்டை முதலில் வாங்கிவிட்டு எலக்ட்ரானிக்ஸை ஒவ்வொன்றாகச் சேர்ப்பதே மேல்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிவு செய்திருக்கிறேன். பணம் இன்னும் வரவில்லை. இப்படி ஒரு செட்டை ஏற்கெனவே வாங்கியவர்கள் கரண்ட் கொடுக்கும் முன் சர்வோ ஸ்டிக்கரை உரித்துப் பாருங்கள். அனலாக் என்றிருந்தால் படம் எடுத்து, பில்லோடு நீங்களும் புகார் கொடுங்கள்.