பள்ளி முடிப்பதற்குள் எது? பொன்னியின் செல்வனா, வெக்கையா, என் சரித்திரமா?

பிள்ளைக்கு ஒரு நல்ல தமிழ்ப் புத்தகம் சொல்லுங்கள் என்றால் பலர் வாயிலும் முதலில் வருவது பொன்னியின் செல்வன்தான். அதில் நியாயம் இருக்கிறது. 1950 முதல் 1954 வரை வாராவாரம் தொடராக வந்த கதை. ஒவ்வொரு அத்தியாயமும் அடுத்ததைப் புரட்ட வைத்துவிடும். ஆடிப்பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரையில் குதிரையில் வரும் வந்தியத்தேவனோடு கிளம்பிவிட்டால், பாடப்புத்தகம் தவிர வேறெதையும் தொடாத பிள்ளைகூட ஐந்து பாகத்தையும் முடித்துவிடும். வாசிப்புப் பழக்கத்தை உண்டாக்க இதற்கு ஈடு இல்லை. ஆனால் அதற்கேற்ற வயது எட்டாம், ஒன்பதாம் வகுப்பு. பிளஸ் டூவில் டியூஷனுக்கும் தேர்வுக்கும் நடுவே ஐந்து பாகம் நடக்காது. 2022, 2023இல் படமாகவும் வந்துவிட்டதால், நாம் சொல்லாவிட்டாலும் அது பிள்ளைகளின் கைக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

பூமணியின் வெக்கை (1982) அப்படித் தானாக வந்து சேராது. இந்நாவலைத் தழுவி எடுத்த 'அசுரன்' படத்தைப் பார்த்தவர்களில்கூட நாவலைத் தேடிப் படித்தவர்கள் குறைவு என்றே நினைக்கிறேன். நாயகன் செலம்பரத்துக்குப் பதினைந்து வயது. படிக்கிற பிள்ளையின் வயதுதான். தொடக்கத்திலேயே கொலை நடப்பதால் பள்ளியில் கொடுக்கத் தயங்குவார்கள். தயங்க வேண்டியதில்லை. பெரும்பகுதி, அப்பாவும் மகனும் காட்டில் ஒளிந்து திரிவதும், கிடைத்ததைச் சமைத்துத் தின்பதும், பேசிக்கொள்வதும்தான். நிலத்துக்காக ஒரு குடும்பம் என்னென்ன இழக்கிறது என்பதைக் கரிசல் பேச்சிலேயே சொல்லும் சிறிய நாவல். பத்தாம் வகுப்பு விடுமுறைக்கு இதுவே என் தேர்வு.

ஒன்றே ஒன்றுதான் முடியும் என்றால் உ.வே.சாமிநாதையரின் தன்வரலாறான என் சரித்திரம். காரணம், இது ஒரு மாணவனின் கதை. பாடம் சொல்ல ஆள் தேடி அலைந்து, கடைசியில் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சேரும் பையன். 1880இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர். அவ்வூருக்கு முன்சீபாக (நீதிபதியாக) வந்த சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார். என்னென்ன படித்தீர்கள் என்று கேட்டதும் அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், உலாக்கள், கோவைகள் என்று சிற்றிலக்கியங்களாக அடுக்குகிறார். முதலியாரிடம் வியப்பே இல்லை. பழங்காப்பியங்களான சீவக சிந்தாமணி, மணிமேகலை, சிலப்பதிகாரம் படித்ததுண்டா என்கிறார். இல்லை! அந்தக் கேள்வியைச் சுமந்துபோனவர் 1887இல் சிந்தாமணியையே பதிப்பித்து வெளியிட்டார். மதிப்பெண்ணோடு படிப்பு முடிந்தது என்று எண்ணும் வயதில் இந்த அத்தியாயத்தைப் படித்தே ஆக வேண்டும்.

குறை இல்லாமல் இல்லை. நூற்றுக்கும் மேற்பட்ட அத்தியாயங்கள். தொடக்கத்தில் உத்தமதானபுரத்தையும் முன்னோரையும் பற்றிய பகுதியில் பிள்ளை சலித்து மூடிவிடலாம். அதைத் தாண்டி, மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சேரும் இடத்திலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். சிந்தாமணி அச்சேறும் வரை படித்தால் போதும். விட்டுவிட்ட முன்பகுதிக்குப் பிள்ளை பின்னர் தானே திரும்பி வரும்.