நான்கு அமர்வு, 4,500 ரூபாய்: கோவையில் ஒரு வேலை தேடல் ஆலோசகர்

பதினோரு வருடம் ஒரு இரும்பு ஃபவுண்டரியில் (வார்ப்பாலையில்) க்வாலிட்டி பிரிவில் இருந்தேன். போன வருடம் ஒரு லைனை மூடினார்கள். அதோடு சேர்த்து ஒன்பது பேர் வெளியே வந்தோம். அடுத்த மூன்று மாதத்தில் நௌக்ரி, லிங்க்ட்இன் இரண்டிலும் 140 இடங்களுக்கு விண்ணப்பித்தேன். வந்த அழைப்பு மூன்று. அதிலும் ஒன்று, முன்பணம் கட்டினால் வேலை உறுதி என்று பேசிய ஒரு கன்சல்டன்சி. அந்தச் சமயத்தில்தான் பழைய சூப்பர்வைசர் ஒருவர் இந்த ஆலோசகரிடம் அனுப்பினார்.

ஆலைகளில் ஹெச்ஆர் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டு மாடியில் ஒரு அறை, ஒரு மேசை, அவ்வளவுதான். பலகை கிடையாது. பெயரைப் பொதுவில் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் சேவையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். இப்படி ஒருவரைத் தேடுகிறவர்களுக்கு என்ன எதிர்பார்க்கலாம் என்று தெரிந்தால் போதும்.

முதல் அமர்வில் என் நான்கு பக்க ரெஸ்யூமை வாங்கினார். கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்து அரை நிமிடம் படித்தார். அப்புறம் தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, “ஏம்மா, இப்ப உங்களைப் பத்தி எனக்கு என்ன ஞாபகம் இருக்கு தெரியுமா? பி.இ. படிச்சிருக்கீங்க, ஃபவுண்டரியில இருந்தீங்க, கல்யாணம் ஆயிடுச்சு” என்றார். எனக்குச் சுருக்கென்றது. “சரி, பதினோரு வருஷத்துல நீங்க இருந்ததால எது குறைஞ்சுது, அதைச் சொல்லுங்க” என்று கேட்டார்.

கொஞ்ச நேரம் யோசித்துச் சொன்னேன். ஒரு பம்ப் பாடி வார்ப்பில் ப்ளோ ஹோல் (காற்று அடைபட்டு உண்டாகும் ஓட்டை) விழுந்து நூற்றுக்கு ஏழு கழிவாகிக்கொண்டிருந்தது. மணலின் ஈரத்தை மணிக்கு ஒரு தடவை பார்த்து எழுத வைத்தோம், அச்சில் காற்றுப் போக்கியின் இடத்தை மாற்றினோம், பதினான்கு மாதத்தில் மூன்றுக்குக் கீழே கொண்டுவந்தோம். நான் சொல்லச் சொல்ல அவர் பென்சிலால் எழுதிக்கொண்டே இருந்தார். அதுதான் இப்போது என் ரெஸ்யூமின் முதல் வரி. போட்டோ, அப்பா பெயர், ‘குறிக்கோள்’ பத்தி எல்லாம் போய், இரண்டு பக்கமாகிவிட்டது.

வாகன உதிரிபாக ஆலைகளுக்கான தரச் சான்றிதழை ரெஸ்யூமில் இன்னும் ஐஎஸ்ஓ/டிஎஸ் 16949 என்றே வைத்திருந்தேன். அதன் இடத்துக்கு ஐஏடிஎஃப் 16949 வந்ததே 2016-இல். எங்கள் துறையில் ஆள் எடுப்பவர் கண்ணில் இதுதான் முதலில் படும் என்று வட்டம் போட்டுக் காட்டினார். போர்ட்டலில் சொல்லை வைத்துத்தான் ஆளைத் தேடுவார்கள், அதனால் பிபிஏபி (புதுப் பாகத்துக்கு வாடிக்கையாளரிடம் ஒப்புதல் வாங்கும் முறை), எஸ்பிசி (புள்ளிவிவரம் வைத்து உற்பத்தியைக் கண்காணிப்பது) போன்றவற்றைச் சுருக்கமாகவும் விரித்தும் எழுதச் சொன்னார். வேலை இல்லாத மாதங்களைப் பழைய வேலையோடு சேர்த்துக் காட்டலாமா என்று கேட்டேன். பி.எஃப். கணக்கைத் திறக்கச் சொன்னார். யுஏஎன் (பி.எஃப். உறுப்பினரின் நிரந்தர எண்) சேவை விவரத்தில் சேர்ந்த தேதியும் விலகிய தேதியும் அப்படியே இருந்தன. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

கொடுத்த பணம் முழுவதும் இரண்டாம் அமர்விலேயே திரும்பி வந்துவிட்டது என்பேன். விளம்பரத்தைப் பார்த்து விண்ணப்பிப்பதை இரண்டு வாரம் நிறுத்துங்கள் என்றார். முதலில் ஆலை செய்யும் பொருளைப் பார்க்க வேண்டும். மின்சாரக் காருக்கு எஞ்சின் பிளாக் வேண்டாம், கிராங்க் ஷாஃப்ட் வேண்டாம்; அந்த வார்ப்பை மட்டுமே நம்பியிருக்கும் ஆலைக்குப் போனால் சில வருடத்தில் மறுபடியும் இதே மேசைக்கு வர வேண்டியிருக்கும். வண்டி எதில் ஓடினாலும் பிரேக் வேண்டும், சஸ்பென்ஷன் வேண்டும். மோட்டாரின் கூடு பெரும்பாலும் அலுமினியம் டை காஸ்டிங் (உருகிய உலோகத்தை இரும்பு அச்சில் அழுத்திச் செய்யும் வார்ப்பு). இந்தக் கணக்கை வைத்துக் கோவை சுற்றுவட்டாரம், ஓசூர், ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் என்று பிரித்து 25 கம்பெனிகளின் பட்டியல் போட்டோம். ஒவ்வொன்றுக்கும் என்ன செய்கிறார்கள், யாருக்கு சப்ளை, க்வாலிட்டிக்கு யார் தலைவர், எனக்குத் தெரிந்தவர் யார், கடைசியாகப் பேசிய தேதி.

‘தெரிந்தவர் யார்’ என்ற கட்டம் முக்கால்வாசி காலியாக இருந்தது. அப்போது அவர் கேட்ட கேள்வியைத்தான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்: “உங்க ஃபவுண்டரிக்கு மணல் கொடுத்தது யாரு? அளவுக் கருவிகளைச் சரிபார்க்க, கேஜ் காலிபரேஷனுக்கு வந்தது யாரு?” எந்த ஆலையில் புது ஃபர்னஸ் வருகிறது, எங்கே ஆள் போதவில்லை என்று அவர்களுக்குத்தான் முன்னாலேயே தெரியும். ஒரே நாளில் பன்னிரண்டு கட்டம் நிரம்பியது. வாரத்துக்கு ஐந்து பேர், அதற்கு மேல் வேண்டாம். வேலை கேட்காமல், அவர்கள் ஆலையைப் பற்றிக் கால் மணி நேரம் பேச நேரம் கேளுங்கள் என்றார்.

பத்து வாரத்தில் 17 இடங்களைத் தொட்டேன். ஒன்பது பேர் பதில் சொன்னார்கள், நான்கு நேர்காணல், இரண்டு ஆஃபர். நான் சேர்ந்த இடம் அலுமினியம் டை காஸ்டிங். ஸ்பெக்ட்ரோமீட்டர் (உலோகக் கலவையைச் சோதிக்கும் கருவி) சர்வீஸுக்கு வரும் ஒரு தம்பி சொல்லித் தெரிந்தது. எந்தப் போர்ட்டலிலும் அந்த இடத்தை நான் பார்க்கவில்லை.

குறைகளும் உண்டு. மூன்றாம் அமர்வில் மாதிரி நேர்காணல். ஹெச்ஆர் கேள்விகளுக்கு நன்றாகத் தயார் செய்தார், ஆனால் தொழில்நுட்பச் சுற்றுக்கு அவரால் உதவ முடியாது. 8டி அறிக்கை (குறையின் மூல காரணத்தை எட்டுப் படியில் தேடித் தீர்க்கும் அறிக்கை) ஒன்றை முன்னால் வைத்து எப்படிக் குடைவார்கள் என்பதை நானும் என் பழைய சக ஊழியையும் வீட்டில் உட்கார்ந்துதான் பழகினோம். நான்காம் அமர்வு சம்பளப் பேச்சு. அவர் மனதில் இருக்கும் தொகைகள் அவர் ஓய்வு பெற்ற காலத்தவை. அவர் சொன்னதையே கேட்டிருந்தால் குறைத்துக் கேட்டிருப்பேன். அதே பதவியில் இருக்கும் இரண்டு பேரிடம் வெளிப்படையாகக் கேட்டுத்தான் என் தொகையை முடிவு செய்தேன். வேலை வாங்கித் தருகிறேன் என்று அவர் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை, பணமும் ஒவ்வொரு அமர்வு முடிந்த பிறகுதான் வாங்கினார். வேறு எங்கே போனாலும் இந்த இரண்டையும் பாருங்கள்.

கல்லூரி முடித்து முதல் வேலை தேடும் பிள்ளைகளுக்கு இது தேவையில்லை. மாவட்ட வேலைவாய்ப்பு மையம் நடத்தும் தனியார் துறை முகாம்களுக்குக் கட்டணம் இல்லை. அங்கே போய் நான்கு பேர் முன்னால் உட்கார்ந்து பேசிப் பழகட்டும். ஏழெட்டு வருட அனுபவம் கையில் இருந்தும் எங்கே தட்டுவது என்று தெரியாமல் நிற்பவர்களுக்குத்தான் இவர். எனக்குப் பிறகு போன என் நாத்தனார் மகள், சம்பள அமர்வு வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லி 3,500 ரூபாயில் முடித்துக்கொண்டாள். நீங்களும் அப்படிக் கேட்டுப் பாருங்கள்.