உருளைக்கிழங்கு தின்பவர்கள், கேன்வாஸ் பிரிண்ட்: 5க்கு 2

சாப்பாட்டு மேசைக்கு மேலே மாட்டலாம் என்று வான் கோவின் 'உருளைக்கிழங்கு தின்பவர்கள்' படத்தை ஆன்லைனில் ஆர்டர் செய்தேன். கேன்வாஸ் பிரிண்ட், இரண்டடி அகலம், 1,650 ரூபாய். மூலைக்கெல்லாம் அட்டை வைத்து நன்றாகக் கட்டி நான்கே நாளில் அனுப்பிவிட்டார்கள். பாராட்ட வேண்டியது அவ்வளவுதான்.

பிரித்தால் டியூப்லைட் போட்ட மாதிரி பளிச்சென்று இருக்கிறது! இருட்டாக இருந்தால் யார் வாங்குவார்கள் என்று கம்ப்யூட்டரில் வெளிச்சத்தை ஏற்றிவிட்டார்கள் போல. அந்தப் படத்தில் உள்ள ஒரே வெளிச்சம் மேலே தொங்கும் சின்ன எண்ணெய் விளக்குதான், அது ஐந்து பேர் மேலும் நடுவில் ஆவி பறக்கும் கிழங்குத் தட்டின் மேலும் விழுந்து, மூலைக்குப் போவதற்குள் தீர்ந்துவிடும். முகங்களுக்குப் போட்ட நிறம் தோலுரிக்காத, மண் ஒட்டிய உருளைக்கிழங்கு மாதிரி என்று தம்பி தியோவுக்கு எழுதியவர் அவர். எனக்கு வந்த படத்தில் எல்லோரும் மஞ்சள் தேய்த்துக் குளித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

அடுத்தது கைகள். 1885இல் நெதர்லாந்தின் நூனன் கிராமத்து டி குரூட் குடும்பத்தை வைத்து வரைந்தது இது. அதற்கு முந்தைய குளிர்காலம் முழுக்க அந்தப் பக்கத்து விவசாயிகளின் தலைகளையே திரும்பத் திரும்ப வரைந்து பழகியிருந்தார். தட்டில் நீட்டுகிற இந்தக் கைதான் நிலத்தையும் கிண்டியது, சாப்பாட்டை நேர்மையாகச் சம்பாதித்தது என்று பார்ப்பவருக்குத் தெரிய வேண்டும் என்பதுதான் அவர் எண்ணம். அதனால் கணுக்கணுவான விரல்கள் இல்லையென்றால் படமே இல்லை. இங்கே விரலெல்லாம் வழவழ. அசல் 82 x 114 செ.மீ., சுருக்கினால் கொஞ்சம் போகும்தான், சரி, ஆனால் காபி ஊற்றும் அம்மாவின் முதுகைச் சட்டத்தின் பக்கவாட்டில் மடித்து ஆணி அடித்ததற்கு என்ன சமாதானம்?

அச்சு விஷயத்தில் இந்தப் படத்துக்கே ராசி இல்லை போல. வான் கோவே கல்லச்சில் போட்டபோது இடமும் வலமும் மாறிப்போனது, அதைப் பார்த்து நண்பர் வான் ரப்பார்ட் கடுமையாகத் திட்டி எழுதப்போய் அவர்கள் நட்பே கெட்டது.

விற்றவர்களிடம் கேட்டேன், "திரையில் தெரியும் நிறமும் அச்சும் வேறுபடலாம்" என்று பதில் வந்தது. ரிட்டர்ன் கிடையாதாம். வேறு கடையில் வாங்குபவர்கள் வெளிச்சம் ஏற்றாத கோப்பிலிருந்து அச்சிட்டதா, ஓரம் மடிகிறதா என்று முதலிலேயே கேளுங்கள். அப்புறம் பிரேம் தங்க நிறத்தில் இருக்கட்டும், இல்லாவிட்டால் பழுத்த கோதுமை நிறச் சுவரில் மாட்டுங்கள், மங்கலான பின்னணியில் இந்தப் படம் எடுக்காது என்று அவரே தம்பிக்கு எழுதியிருக்கிறார்.

என்னுடையது இப்போது நடையில், ஜீரோ வாட்ஸ் பல்புக்குக் கீழே தொங்குகிறது. ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்து போகும்போது மட்டும் ஏறக்குறைய சரியான நிறத்தில் தெரிகிறது.