குடியை நிற்பாட்டித் தருகிறோம் என்று 185,000 ரூபாவை விழுங்கினவர்கள்: கொழும்பில் இருக்கிற சனம் கவனம்

185,000 ரூபா. என் தம்பியின் குடியை வீட்டில் இருந்தபடியே 21 நாளில் நிற்பாட்டித் தருகிறோம் என்று சொன்ன ஒரு தனியார் நிலையத்துக்கு நாங்கள் முன்கூட்டியே கட்டிய காசு. நேற்றுப் பின்னேரம் வட்ஸ்அப்பில் அவர்களுடைய கடைசிப் பதில் வந்தது: "செலுத்திய கட்டணம் எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படமாட்டாது." வாசித்து முடிக்க முதலே என் இலக்கத்தை ப்ளொக் பண்ணிவிட்டார்கள். முறைப்பாடு போயிருப்பதால் அவர்களுடைய பெயரை இங்கே போடவில்லை. எப்படிப்பட்ட ஆட்கள், எப்படிக் கதைப்பார்கள் என்பதை மட்டும் விபரமாக எழுதுகிறேன். இப்படியான இடத்துக்கு இன்றைக்கோ நாளைக்கோ காசு கட்ட இருக்கிறவர்கள் தயவுசெய்து முழுக்க வாசியுங்கள்.

பேஸ்புக்கில் தமிழில் விளம்பரம் போட்டு ஆள் பிடிக்கிற வகை. "வோர்டில் படுக்கத் தேவையில்லை. வேலைக்குப் போய்க்கொண்டே சிகிச்சை. நூறு வீதம் இரகசியம்." இந்தக் கடைசி வரிதான் எங்கள் வீட்டுக்குள் அவர்களைக் கொண்டுவந்தது. தம்பி ஒரு கம்பனியில் கணக்குப் பகுதியில் இருக்கிறான். மூத்த பிள்ளை இந்த வருஷம் ஓ.எல். எழுதுகிறாள். வெள்ளவத்தை ஃப்ளாட்டில் எங்கள் கதவு திறந்தால் எதிர்க் கதவும் திறக்கும். வருஷக்கணக்காக அவன் ஒவ்வொரு இரவும் கிட்டத்தட்ட ஒரு போத்தல் சாராயம் குடித்துவிட்டு வருவதை வெளியில் தெரியாமல் மூடி மூடியே அம்மா இளைத்துப் போனார். இப்படியான அம்மாமாரைத்தான் அவர்கள் தேடுகிறார்கள்.

முதல் நாள் போனபோது அங்கே இருந்தவர் வெள்ளைக் கோட் போட்டு, கழுத்தில் ஸ்டெதஸ்கோப்பும் மாட்டியிருந்தார். எல்லாரும் அவரை டொக்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். ஊர் எது என்று அம்மாவிடம் விசாரித்து, பிளேன்ரீ வரவழைத்துக் கொடுத்தார். தம்பியைப் பார்த்து, "நீங்கள் நல்ல மனுசன், உங்களுக்கு வந்திருக்கிறது ஒரு வருத்தம், அவ்வளவுதான்" என்றார். எங்கள் வீட்டில் அவனுடன் அப்படி ஒருவரும் கதைத்து எவ்வளவோ காலம். பதிவதற்காக அம்மா ஒரு துண்டில் தம்பியின் பெயரை எழுதிக் கொடுத்திருந்தார். அந்த மனுசன் அதைக் கையில் எடுத்து, எங்கள் கண் முன்னாலேயே நாலாகக் கிழித்துக் குப்பைக் கூடைக்குள் போட்டார். "இனி இவர் எங்களுக்கு 47ஆம் இலக்கம் மட்டும்தான் அம்மா. பெயர் இந்த அறையை விட்டு வெளியில போகாது." அம்மா அந்த இடத்திலேயே அழுதுவிட்டார். கும்பிடாத குறை.

நம்பிக்கை வந்த இடம் அதுதான். ஏமாற்று தொடங்கின இடமும் அதுதான். அதைப் பிறகு சொல்கிறேன்.

காசுப் பேச்சு அதற்குப் பிறகுதான் வந்தது. ஒரே தடவையில் கட்டினால் 185,000, பகுதி பகுதியாகக் கட்டினால் 240,000. "உங்கட கம்பனி மெடிக்கல் இன்சூரன்ஸில முழுக்க எடுக்கலாம், நாங்கள் பில் தருவம், ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ." அம்மாவின் காப்புச் சோடி வங்கியில் அடகுக்குப் போனது. மிச்சத்தை நானும் ஸ்காபரோவில் இருக்கிற மச்சானும் போட்டோம். 110,000 ரூபாவைக் காசாகக் கையில் வாங்கினார்கள். 75,000 ரூபாவை ஒரு தனி ஆளின் வங்கிக் கணக்குக்குப் போடச் சொன்னார்கள். நிலையத்தின் பெயரில் கணக்கு இல்லையா என்று கேட்டதற்கு, வங்கி அறிக்கையில் இந்த இடத்தின் பெயர் வந்தால் உங்களுக்குத்தானே கரைச்சல் என்றார்கள். எதைக் கேட்டாலும் இரகசியம்தான் பதில்.

இனி வைத்தியம் என்று அவர்கள் செய்ததைக் கேளுங்கள். ஒரு நாளைக்கு எவ்வளவு குடிப்பான், முந்தி வலிப்பு வந்திருக்கிறதா, ஈரல் எப்படி, ஒன்றும் கேட்கவில்லை. இரத்தம் எடுக்கவில்லை. பிரஷர்கூடப் பார்க்கவில்லை. "இண்டைக்கு இரவில இருந்து ஒரு சொட்டும் கூடாது" என்று சொல்லி மூன்று மண்ணிறக் கடித உறை தந்தார்கள். உள்ளே குளிசைகள். பெயர் அச்சடித்த பகுதியைக் கத்தரித்து எடுத்த தகடுகள், ஒவ்வொன்றாக வெட்டியவை. உறையில் நீலப் பேனையால் "காலை 1, இரவு 2" என்று மட்டும். கூடவே சின்னச் சின்னப் பொட்டலமாக ஒரு வெள்ளைத் தூள். அதைத் தம்பிக்குத் தெரியாமல் தேத்தண்ணீரில் கலந்து கொடுக்கச் சொல்லி அம்மாவின் காதோடு சொன்னார்கள்.

அடுத்த நாள் காலையில் கை நடுங்கத் தொடங்கிற்று. இரவு உடம்பு முழுக்க வேர்வை, நித்திரை இல்லை. சுவரில் எறும்பு ஊருகிறது என்று கையால் தட்டிக்கொண்டே இருந்தான். அவர்களுக்கு ஃபோன் எடுத்தால், "உடம்பில இருக்கிற நஞ்சு இறங்குது, நல்ல அறிகுறி, நிறையத் தண்ணி குடுங்கோ" என்ற பதில். விடியப்புறம் அவனுக்கு வலிப்பு வந்தது. பிள்ளைகள் இரண்டும் அறை வாசலில் நின்று பார்த்தார்கள். 1990க்கு அடித்தோம். சுவசெரிய அம்புலன்ஸ் வந்து தேசிய வைத்தியசாலைக்குக் கொண்டுபோனது. அதற்கு ஒரு சதம் வாங்கவில்லை.

அங்கே நின்ற இளம் டொக்டர் முதலில் கேட்டது, "என்ன மருந்து குடுத்தவை?" நான் கடித உறையை நீட்டினேன். அவர் வெட்டின தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், தூளை முகர்ந்து பார்த்தார், பிறகு பேசாமல் மேசையில் வைத்தார். என்ன மருந்து உடம்புக்குள் போயிருக்கிறது என்று தெரியாமலேயே அவர்கள் வைத்தியம் பார்க்க வேண்டியிருந்தது. இதை நினைத்தால் இப்பவும் நெஞ்சு பதறுகிறது.

அந்த டொக்டர் விளங்கப்படுத்தியது எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டியது. நெடுங்காலம் ஒவ்வொரு நாளும் நிறையக் குடிக்கிறவர் திடீரென்று நிற்பாட்டினால் சில மணித்தியாலத்தில் நடுக்கம் தொடங்கும். முதல் 48 மணித்தியாலத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம், மூன்றாம் நாளில் இல்லாத உருவங்கள் தெரிந்து, ஆள் இடம் விளங்காமல் போய், உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால்தான் நடுக்கத்தையும் வலிப்பையும் தடுக்கிற குளோர்டயசெபொக்சைட், டயசெபாம் மாதிரி மருந்தைக் கூட்டித் தொடங்கி, கிட்டத்தட்ட ஒரு கிழமையில் படிப்படியாகக் குறைப்பார்கள். விட்டமின் பி1, அதாவது தயமின், கட்டாயம் கொடுப்பார்கள். வோர்டில் படுக்காமல் வீட்டில் இருந்தபடி இதைச் செய்யவும் முடியும், அது பொய்யில்லை. ஆனால் முந்தி வலிப்பு வராத, வேறு பெரிய வருத்தம் இல்லாத, வீட்டில் குளிசையை வைத்து எண்ணிக் கொடுக்க ஒரு பொறுப்பான ஆள் இருக்கிற நோயாளிக்குத்தான். அடிக்கடி டொக்டரும் பார்க்க வேண்டும். 185,000 வாங்கினவர்கள் இதில் எதைச் செய்தார்கள்?

தெரியாமல் கலந்து கொடுக்கிற தூளைப் பற்றியும் சொன்னார். எங்களுக்குத் தந்தது என்ன என்று இன்னும் தெரியாது. பொதுவாக இப்படி ஒளித்துக் கொடுக்கப்படுவது டைசல்ஃபிராம் என்ற மருந்து. அது உடம்பில் இருக்கும்போது குடித்தால் மதுசாரம் முழுக்க உடையாமல் அசிட்டல்டிஹைட் என்ற நச்சுப் பொருளாக உடம்பில் சேர்ந்துவிடும். முகம் சிவந்து, வாந்தி வந்து, நெஞ்சு படபடத்து, பிரஷர் விழும். இருதய வருத்தக்காரருக்கு உயிரே போகலாம். நோயாளி தெரிந்து, சம்மதித்து, குடித்து 12 மணித்தியாலமாவது ஆன பிறகுதான் அதைத் தொடங்கவே வேண்டும். தாயின் கையால் பிள்ளைக்குக் களவாகக் கொடுக்க வைத்தார்களே, அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

பிறகு காசைக் கேட்கப் போனோம். முதலில் "சேர் மீட்டிங்கில இருக்கிறார்". பிறகு "சேர் கண்டிக்குப் போட்டார்". பிறகு அட்மின் என்று ஒரு பிள்ளை வந்து, நோயாளி ஒத்துழைக்கவில்லை, அதனால் ஒப்பந்தம் முறிந்துவிட்டது என்றாள். வலிப்பு வந்து வைத்தியசாலையில் கிடந்தவன் எப்படியம்மா ஒத்துழைக்கிறது என்று கேட்டேன். ஃபோனைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பற்றுச்சீட்டைக் காட்டினோம். அப்போதுதான் அந்தக் கிழித்துப்போட்ட துண்டின் அர்த்தம் விளங்கியது. பற்றுச்சீட்டில் "47 – சுகநலச் சேவை" என்று மட்டும் இருக்கிறது. தம்பியின் பெயர் இல்லை, டொக்டரின் பெயர் இல்லை, பதிவு இலக்கம் இல்லை. "47 யாரெண்டு எங்களிட்டப் பதிவு இல்லையே" என்று முகத்துக்கு நேரே சொன்னார்கள். இன்சூரன்ஸுக்குக் கொடுத்தால் அங்கேயும் அதே கதை. அவனுடைய கம்பனிக் காப்புறுதி வோர்டில் தங்கினால்தான் காசு தரும், குடிக்கான சிகிச்சையை விலக்குப் பட்டியலிலேயே போட்டிருக்கிறார்கள், நோயாளியின் பெயர் இல்லாத பில் எப்படியும் செல்லாது. பெரும்பாலான காப்புறுதிகள் இப்படித்தான் என்று அந்தக் கந்தோரில் இருந்தவரே சொன்னார்.

கடைசியில் பொலிஸுக்குப் போவோம் என்றதும் அந்தக் கோட் போட்ட மனுசன் வெளியில் வந்தார். அதே இனிமையான குரல். "போங்கோ அக்கா. போனால் உங்கட தம்பி குடிகாரன் எண்டு அவற்ற கந்தோருக்கும் தெரியவரும், பரவாயில்லையோ?" அதுக்காகத்தான் 185,000 கட்டினோம் போல.

பரவாயில்லை. போயிருக்கிறோம். தம்பியே வந்து கையெழுத்துப் போட்டான். குடிக்கு மருந்து எடுப்பது குற்றமில்லை என்று அவனே அங்கே சொன்னான்.

கொழும்பில் இதற்குக் காசே இல்லாமல் வழி இருக்கிறது என்பதை எங்களுக்கு வோர்டில்தான் சொன்னார்கள். தம்பி இப்போது அரசாங்க வைத்தியசாலை மனநலக் கிளினிக்குக்குப் போகிறான். மருந்து, டொக்டர், ஆலோசனை எல்லாம் இலவசம். வரிசையில் இருக்கத்தான் வேண்டும், அரை நாள் லீவு போகும். அங்கொடைப் பக்கம் தேசிய மனநல நிறுவகம் இருக்கிறது, அதன் இலக்கம் 1926. 1984இல் சட்டத்தால் அமைத்த தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபை ராஜகிரியவில் இருக்கிறது. 1927க்கு அடித்தால் ஆலோசனை சொல்வார்கள், தேவைப்பட்டால் தலங்கம மாதிரித் தங்கிச் சிகிச்சை எடுக்கும் நிலையத்துக்கும் வழிகாட்டுவார்கள். ஐஸ் (மெத்தம்பெட்டமின்), குடு (ஹெரோயின்) பிரச்சினை உள்ள வீட்டுக்காரரும் அங்கே கேட்கலாம். ஐஸுக்கென்று அங்கீகரிக்கப்பட்ட குளிசை உலகத்திலேயே இன்னும் இல்லை, ஆலோசனைச் சிகிச்சைதான் முதன்மை. "ஐஸ் மருந்து" என்று யாராவது விற்றால் அப்படியே எழும்பி வாருங்கள். சுமித்ரயோ அமைப்பின் போதை ஆலோசனை நிலையமான மெல் மெதுரவில் தங்காமல் வந்துபோய் ஆலோசனை எடுக்கலாம், காசு இல்லை, இரகசியம் காப்பார்கள், வீட்டுக்காரருடனும் கதைப்பார்கள். குடியை விட நினைக்கிறவர்களும் விட்டவர்களும் ஒன்றுகூடிக் கதைக்கிற ஏஏ கூட்டங்களும் கொழும்பில் நடக்கின்றன, அதற்கும் கட்டணம் கிடையாது.

தனியார் இடத்துக்குத்தான் போகப்போகிறீர்கள் என்றால், அவசரமாகச் சில விஷயம் மட்டும் சொல்கிறேன், இன்னும் எழுத மனம் ஓடவில்லை. டொக்டரின் முழுப் பெயரைக் கேட்டு இலங்கை மருத்துவச் சபையின் பதிவில் பாருங்கள். 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி தனியார் மருத்துவ நிலையங்கள் பதிவு செய்திருக்க வேண்டும், அதை ஒவ்வொரு வருஷமும் புதுப்பிக்கவும் வேண்டும். இந்த வருஷச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். முழுக் காசையும் முதலே கேட்டால் வேண்டாம், ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் கட்டுகிற இடம் போதும். தனி ஆளின் கணக்குக்கு ஒரு ரூபாவும் போடாதீர்கள். பெயர் தெரியாத குளிசை வீட்டுக்குள் வரக்கூடாது. இன்சூரன்ஸ் தரும் என்று சொன்னால் காசு கட்ட முதல் கம்பனியிடம் எழுத்தில் கேளுங்கள். பற்றுச்சீட்டில் நோயாளியின் பெயர் இருக்க வேண்டும். நகையை அடகு வைக்க முதல் 1927க்கு ஒரு ஃபோன் எடுங்கள். ஏற்கெனவே ஏமாந்தவர்கள் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்துக்கு அடித்துச் சொல்லலாம். எழுத்திலும் கொடுங்கள், தாமதிக்காதீர்கள்.

நாங்கள் பொலிஸிலும் தனியார் சுகாதார சேவைகளை ஒழுங்குபடுத்துகிற பேரவையிலும் கொடுத்திருக்கிறோம். கையில் இருக்கிற ஆதாரம் 75,000 ரூபா வங்கிச் சீட்டு, அந்த 47ஆம் இலக்கப் பற்றுச்சீட்டு, தகடு வெட்டின குளிசைகள். 110,000 ரூபாவுக்குச் சாட்சி அம்மாவும் நானும் மட்டும்தான். எங்களுக்கு முதல் 46 பேர் அந்த அறைக்குள் போயிருந்தால், உங்களிடமும் இப்படி ஒரு துண்டு இருக்கும். "சுகநலச் சேவை" என்று நீல மையில் எழுதி, பெயருக்குப் பதிலாக இலக்கம் போட்ட பற்றுச்சீட்டு வைத்திருக்கிறவர்கள் அதன் படத்தை எனக்கு உள்பெட்டியில் அனுப்புங்கள். எத்தனை பேர் சேர்கிறோம் என்று பார்த்து, எல்லாவற்றையும் ஒன்றாக வைத்துத் திங்கட்கிழமை திரும்பவும் பொலிஸுக்குப் போகிறோம்.