பேட்ச் வொர்க் குஷன் கவரில் மெஷின் எம்பிராய்டரி: நான்கு வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

நான்கு வருடங்களுக்கு முன் தைத்த முதல் பண்டிகைக் குஷன் கவரைப் போன வாரம் மேசை மேல் விரித்துப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். மொத்தம் ஒன்பது கட்டங்கள். நான்கு மூலைகளிலும் நடுவிலும் எம்பிராய்டரி, மீதி நான்கில் பேட்ச் வொர்க், அதாவது சின்னத் துணித் துண்டுகளை இணைத்துத் தைத்தது. இடது மேல் மூலை நட்சத்திரத்தைச் சுற்றித் துணி சுருங்கி அலை அலையாக எழும்பி நிற்கிறது. வலது மேல் மூலை இலைக்கொத்தோ தைத்த அன்று இருந்த மாதிரியே தட்டையாகப் படிந்திருக்கிறது. இரண்டும் ஒரே துணி, ஒரே நூல், ஒரே மெஷின், ஒரே நாளில் போட்டவை. நட்சத்திரத்துக்குப் பின்னால் கிழித்தெடுக்கும் வகை ஸ்டெபிலைசர் (துணி சுருங்காமல் தாங்கப் பின்னால் வைக்கும் தாள் போன்ற அடுக்கு) வைத்திருந்தேன். அத்தோடு அந்த ரோல் தீர்ந்துபோனதால் இலைக்கு வெட்டியெடுக்கும் வகையைப் போட்டேன். அவ்வளவுதான் வித்தியாசம். திட்டம் போட்டுச் செய்த சோதனை கிடையாது, ஆனாலும் இதுவரை நான் படித்த எந்தக் குறிப்பையும் விட இந்த இரண்டு கட்டங்கள்தான் எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தன.

இந்த நான்கு வருடங்களில் இதே அளவில் மூன்று கவர்கள் தைத்திருக்கிறேன். ஒவ்வொரு பண்டிகைக் காலத்திலும் சில வாரங்கள் சோஃபாவில் கிடக்கும், அப்புறம் துவைத்து எடுத்து வைப்பேன். முதல் கவர் குறைந்தது பத்துத் தடவையாவது தண்ணீர் பார்த்திருக்கும். தைத்து முடித்த அன்று மூன்றுமே அழகாகத்தான் இருந்தன. எது நின்றது, எது போனது என்பது துவைத்துத் துவைத்துத்தான் தெரிந்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

என்னிடம் இருப்பது தையலும் எம்பிராய்டரியும் சேர்ந்த சாதாரண வீட்டு மெஷின். துணியை இறுக்கிப் பிடிக்கும் ஃப்ரேம் 4 இஞ்சுக்கு 4 இஞ்ச், அதாவது 100 மி.மீ. சதுரம். சின்ன ஃப்ரேமில் குஷன் கவர் எல்லாம் போட முடியாது என்று சொல்பவர்கள் உண்டு. பேட்ச் வொர்க் என்றால் அந்தக் கவலையே வேண்டாம், ஏனென்றால் ஒவ்வொரு கட்டத்தையும் தனித்தனியாகப் போட்டு அப்புறம்தான் இணைக்கிறோம். கட்டம் தைத்து முடித்தபின் 5 இஞ்ச். அதற்குள் 4 இஞ்ச் டிசைன் உட்கார்ந்தால் சுற்றிலும் அரை இஞ்ச் வெற்றிடம் கிடைக்கும். பார்வைக்கும் அது நன்றாக இருக்கிறது. ஒன்பது கட்டம் சேர்ந்து 15 இஞ்ச், சுற்றிலும் 1 இஞ்ச் பார்டர், ஆக 17 இஞ்ச் கவர். உள்ளே போடுவது 18 இஞ்ச் குஷன். கவரை விடக் குஷன் ஒரு இஞ்ச் பெரிதாக இருந்தால்தான் மூலைகள் தொங்காமல் நிறைந்து நிற்கும்.

ஸ்டெபிலைசர் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். எம்பிராய்டரியில் ஒவ்வொரு தையலும் துணியைத் தன் பக்கம் கொஞ்சம் இழுக்கிறது. வரிசை வரிசையாக நெருக்கி நிரப்பும் சாட்டின் தையலில் வரிசைகளுக்கு இடையே 0.4 மி.மீ. அளவுதான் இடைவெளி இருக்கும். என் நட்சத்திர டிசைனில் சுமார் 9,000 தையல்கள். அத்தனை இழுப்பையும் வெறும் பருத்தித் துணி தாங்காது, பின்னால் இருக்கும் ஸ்டெபிலைசர்தான் தாங்குகிறது. கிழித்தெடுக்கும் வகையில் டிசைனைச் சுற்றியுள்ளதை நாமே கிழித்து விடுகிறோம். தையலுக்கு அடியில் மாட்டியிருக்கும் மிச்சமும் துவைக்கத் துவைக்கத் தளர்ந்துபோகிறது. பிடிமானம் போனதும் நூலின் இழுப்பு ஜெயிக்கிறது, துணி சுருங்குகிறது. நட்சத்திரம் முதல் துவையலில் தப்பித்தது. மூன்றாவது, நான்காவது துவையலில்தான் ஓரங்கள் எழும்ப ஆரம்பித்தன. இஸ்திரி போட்டால் படியும், அடுத்த துவையலில் மறுபடி எழும்பும். வெட்டியெடுக்கும் வகையில் டிசைனைச் சுற்றியுள்ளதை மட்டும்தான் வெட்டுகிறோம், தையலுக்கு அடியில் இருப்பது அப்படியே உள்ளே தங்கிவிடுகிறது. துணியின் ஆயுள் வரை கூடவே இருக்கும்.

இரண்டாவது கவரிலிருந்து துணிக்குப் பின்னால் இஸ்திரி போட்டால் ஒட்டிக்கொள்ளும் மெல்லிய கேன்வாஸ் ஒன்று, அதற்கடியில் வெட்டியெடுக்கும் ஸ்டெபிலைசர் ஒன்று என்று இரண்டு அடுக்கு வைக்கிறேன். கட்டத்தின் ஓரம் வரை ஸ்டெபிலைசரை விட்டால் இணைப்புத் தையல்கள் தடித்துப்போகும். அதனால் டிசைனுக்கு வெளியே ஒரு செ.மீ. விட்டு, மூலைகளை வளைவாக வெட்டிவிடுகிறேன். கூர்மையான மூலையாக வெட்டினால் இஸ்திரி போடும்போது அந்த முனை முன்பக்கத்தில் தடமாகத் தெரிகிறது.

முதல் கவரில் செய்த பெரிய தவறு ஒன்று உண்டு. பேட்ச் வொர்க் பழக்கத்தில் எல்லாக் கட்டங்களையும், இணைப்புத் தையலுக்குச் சுற்றிலும் கால் இஞ்ச் சேர்த்து, முதலிலேயே 5½ இஞ்சாக வெட்டி அடுக்கிவிட்டேன். அந்த அளவுத் துணி ஃப்ரேமில் சரியாகப் பிடிபடாது. ஸ்டெபிலைசரை மட்டும் ஃப்ரேமில் மாட்டி, துணியை அதன் மேல் ஒட்டி எம்பிராய்டரி போட்டேன். முடித்து அளந்தால் ஒவ்வொரு கட்டமும் ஒரு பக்கம் சுமார் 3 மி.மீ. குறைந்திருந்தது. மூன்று மில்லிமீட்டர்தானே என்று நினைத்தேன். ஆனால் மேல் வரிசையில் எம்பிராய்டரிக் கட்டங்கள் இரண்டு, நடு வரிசையில் ஒன்று. ஒரு வரிசை 6 மி.மீ. குறைகிறது, அடுத்தது 3 மி.மீ. குறைகிறது. இணைத்தால் சந்திப்புகள் எப்படிப் பொருந்தும்? இழுத்துப் பிடித்துத் தைத்து ஒப்பேற்றினேன். அந்த இழுப்பு இன்றைக்கும் தெரிகிறது.

இப்போது எம்பிராய்டரி போடும் துணியை 8 இஞ்ச் சதுரமாகத்தான் எடுக்கிறேன். ஃப்ரேமில் நன்றாகப் பிடிபடும். எம்பிராய்டரி முடிந்து, ஃப்ரேமை விட்டு எடுத்து, பின்பக்கமாக இஸ்திரி போட்டு, டிசைனின் நடுப்புள்ளியை வைத்து அளந்து 5½ இஞ்சாக வெட்டுகிறேன். துணி கொஞ்சம் வீணாகிறது, உண்மைதான். அந்தத் துண்டுகளை பேட்ச் வொர்க் கட்டங்களுக்குச் சேர்த்து வைக்கலாம்.

துணியை ஃப்ரேமில் மாட்டுவதில் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. மாட்டும்போது சுருக்கமில்லாமல் இறுக்கமாக இருக்க வேண்டும், ஆனால் மாட்டிய பிறகு ஓரத்தைப் பிடித்து இழுக்கக் கூடாது. இழுத்தால் துணி விரிந்த நிலையிலேயே தையல் விழும். வெளியே எடுத்ததும் துணி பழைய அளவுக்குத் திரும்பும், தையல் திரும்பாது. சுருக்கத்துக்குப் பாதிக் காரணம் இதுதான்.

பேட்ச் வொர்க் பகுதியில் எனக்குப் பெரிய குறை இல்லை. ஒரு கட்டத்துக்கு 3 இஞ்ச் சதுரத் துண்டுகள் நான்கு, கால் இஞ்ச் தையல், அவ்வளவுதான். கால் இஞ்ச் என்றால் எல்லாத் தையலிலும் கால் இஞ்சாக இருக்க வேண்டும். தையல்களை ஒரு ஜோடியில் வலப்பக்கமும் அடுத்த ஜோடியில் இடப்பக்கமும் மடித்து இஸ்திரி போட்டுவிட்டு, இரண்டையும் முகத்துக்கு முகம் வைத்துக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கொண்டு தடவினால் இரண்டு மேடுகளும் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு நிற்கும் இடம் தட்டுப்படும். அங்கே ஒரு குண்டூசி குத்தித் தைத்தால் நான்கு துண்டுகளும் நூல் பிசகாமல் ஒரே புள்ளியில் சந்திக்கும். அந்த இடம் விரலுக்குச் சிக்கும்போது வரும் சந்தோஷம் இன்னும் குறையவில்லை.

நூலைப் பற்றி. முதல் கவரில் ரேயான் நூல், மற்ற இரண்டிலும் பாலியஸ்டர், எல்லாம் 40 எண் பருமன் உள்ள நூல்தான். ரேயானின் மினுமினுப்பில் ஒரு மென்மை இருக்கிறது, அது எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனால் ரேயான் நனைந்தால் பலம் குறையும் நூல். நடுக்கட்டத்தில், கை அதிகம் படும் இடத்தில், சில இழைகள் பிசிறு விட்டுவிட்டன. பாலியஸ்டரில் இதுவரை ஒரு இழை கூடப் போகவில்லை, நிறமும் அப்படியே இருக்கிறது. சுவரில் மாட்டும் வேலைக்கு ரேயான் போடுவேன். துவைக்கிற பொருளுக்கு இனிமேல் பாலியஸ்டர்தான்.

ஜரிகை மாதிரி மின்னும் மெட்டாலிக் நூலை இரண்டாவது கவரின் மணி டிசைனில் போட்டேன். பண்டிகைக் கவர் என்றால் அந்த மினுக்கு இல்லாமல் மனசு கேட்காது. 75/11 அளவு ஊசியில் இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை நூல் அறுந்தது. பெரிய கண் உள்ள 90/14 ஊசிக்கு மாறி, வேகத்தை நிமிடத்துக்கு 400 தையலாகக் குறைத்து, மேல் நூலின் இறுக்கத்தையும் (டென்ஷன்) தளர்த்தி, நூல்கண்டை மெஷினை விட்டுத் தள்ளி நிமிர்த்தி வைத்த பிறகுதான் ஒழுங்காக ஓடியது. அந்த நூலில் மெல்லிய பளபளப்புத் தகடு உள்நூலைச் சுற்றிச் சுற்றி இருக்கிறது. நூல் முறுக்கிக்கொண்டாலோ சின்ன ஊசிக்கண்ணில் உரசினாலோ தகடு உரிந்துவிடும். மூன்று வருடங்களில் பளபளப்பு ஓரளவு மங்கியிருக்கிறது. ஒரு தடவை மறந்துபோய் மேலேயே சூடான இஸ்திரிப் பெட்டியை வைத்ததுதான் முக்கியக் காரணம். மணியின் ஒரு பக்கம் பளபளப்பு செத்துவிட்டது. மெட்டாலிக் நூலைப் பெரிய பரப்பை நிரப்பப் பயன்படுத்தாமல் ஓரக்கோடுகளுக்கு மட்டும் வைத்துக்கொள்வது நல்லது. எம்பிராய்டரிக்கு எப்போதும் தடித்த துண்டை விரித்து, கவிழ்த்துப் போட்டு, பின்பக்கமாகத்தான் இஸ்திரி. அப்படிச் செய்தால் தையலின் மேடும் நசுங்காது.

சிவப்புத் துணியைத் தைப்பதற்கு முன் தனியாகத் துவைத்துவிடுங்கள். முதல் கவரில் நான் அதைச் செய்யவில்லை. பக்கத்தில் இருந்த வெள்ளைக் கட்டத்தின் ஓரம் இளஞ்சிவப்பாகிவிட்டது. ஈரத் துணியின் மேல் வெள்ளைத் துணியை வைத்து அழுத்திப் பாருங்கள். சாயம் ஒட்டாத வரை துவைத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். முதலிலேயே துவைப்பதால் பருத்தி சுருங்க வேண்டியதும் அங்கேயே சுருங்கிவிடும்.

பின்பக்கத்துக்கு நான் ஜிப் வைப்பதில்லை. இரண்டு துண்டுகள் ஒன்றன் மேல் ஒன்று ஏறி மூடும் உறை மாதிரிதான் வைக்கிறேன். முதல் கவரில் 2 இஞ்ச்தான் ஏறியிருந்தது. குஷன் உப்பியதும் வாய் பிளந்துகொண்டு உள்ளே இருப்பது தெரியும். இப்போது 5 இஞ்ச் ஏறும்படி வைக்கிறேன். 17 இஞ்ச் கவருக்கு ஒவ்வொரு துண்டும் 12¾ இஞ்ச் அகலம், 17½ இஞ்ச் உயரம். ஓரத்தில் அரை இஞ்ச் மடித்து, மறுபடி 1 இஞ்ச் மடித்து அடிக்க வேண்டும். திறப்பின் இரண்டு முனைகளிலும் கட்டாயம் தையலை இரண்டு தடவை முன்னும் பின்னும் ஓட்டுங்கள். குஷனைத் திணிக்கும்போது முழுப் பாரமும் அங்கேதான் விழுகிறது. என் முதல் கவர் முதலில் விட்டது அந்த இடத்தில்தான்.

திணிக்கும்போது வந்த இன்னொரு தொல்லை, எம்பிராய்டரியின் பின்பக்க நூல்கள் விரலில் மாட்டி இழுபடுவது. இரண்டாவது கவரிலிருந்து முன்பக்கத்துக்கு மெல்லிய பருத்தி லைனிங் கொடுக்கிறேன். நடுவில் ஒரு மெல்லிய பஞ்சு விரிப்பும் வைத்து, கட்டங்கள் சேரும் தையல் பள்ளத்திலேயே மேலிருந்து ஒரு தையல் ஓட்டுகிறேன். கட்டங்கள் லேசாக உப்பி, எம்பிராய்டரி தனியாகத் தூக்கித் தெரிகிறது. இவ்வளவு சின்ன வேலைக்கு இவ்வளவு பலன் கிடைக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

சொல்லியே ஆக வேண்டிய குறை ஒன்று இருக்கிறது. அடர்த்தியாக நிரப்பிய டிசைன் மேல் கன்னம் வைத்துப் படுக்க முடியாது, உரசும். நடுக்கட்டத்தின் பெரிய நட்சத்திரத்தில் யாரும் தலை வைப்பதில்லை, குஷனைத் திருப்பிப் போட்டுக்கொள்கிறார்கள். அதனால் மூன்றாவது கவரில் உள்ளே நிரப்பாமல் கோட்டுச்சித்திரம் போல ஓடும் டிசைன்களை எடுத்தேன். தையல் எண்ணிக்கை பாதிக்கும் குறைவு, நேரமும் மிச்சம், துணி துணியாகவே வளைகிறது. மூன்றில் அதிகம் புழங்குவது இதுதான். அப்புறம், எழுத்துகள் போடுவதாக இருந்தால் 6 மி.மீ.க்குக் கீழே போகாதீர்கள். சுழிகள் எல்லாம் அடைத்துக்கொண்டு பொட்டுப் பொட்டாகத் தெரியும்.

துவைக்கும்போது உட்புறத்தை வெளியே திருப்பிக் குளிர்ந்த தண்ணீரில் அலசி, முறுக்கிப் பிழியாமல் நிழலில் உலர்த்துகிறேன். எடுத்து வைக்கும்போது மடிப்பதில்லை, சுருட்டித்தான் வைக்கிறேன். எம்பிராய்டரி மேல் விழுந்த மடிப்பு அடுத்த வருடம் வரை போகாது.

நட்சத்திரத்துக்கு வருகிறேன். அதைப் பார்த்துப் பார்த்து மனசு கேட்காமல், போன வாரம் தையல் பிரிக்கும் கருவியை எடுத்து அந்த மூலைக் கட்டத்தின் நான்கு பக்கத்தையும் பிரித்துவிட்டேன். வெளியே எடுத்து அளந்தால் 5⅜ இஞ்ச். புதிதாக அதே நட்சத்திரத்தைப் பாலியஸ்டர் நூலில், இரண்டு அடுக்கு வைத்துப் போட்டேன். இந்தத் தடவை 5½ இஞ்சாக வெட்டவில்லை. எடுத்த கட்டத்தையே மேலே வைத்து, அதே 5⅜ இஞ்சுக்கு வெட்டினேன். பக்கத்தில் இருக்கும் கட்டங்கள் நான்கு வருடமாக அந்த அளவுக்குத்தான் பழகியிருக்கின்றன. முதலில் உள்ளே இருக்கும் இரண்டு பக்கம், அப்புறம் பார்டர் பக்கம் என்று தைத்து முடிக்க ஒரு மாலைப் பொழுது ஆனது. நேற்றுத் துவைத்தேன். இன்று காலை கொடியிலிருந்து எடுத்து உள்ளங்கையால் தடவிப் பார்த்தேன், தட்டையாக இருந்தது. இன்னும் மூன்று துவையல் போகட்டும், மறுபடி பார்க்கிறேன்.