வலி ஊசி போட்டும் வாய் திறக்காவிட்டால்: மதுரைப் பிரசவ வார்டுகளின் சேவை எப்படி?

வலி தானாக வராத கர்ப்பிணிக்கு மருந்து கொடுத்து வலி வரவைக்கும் சேவை, கோரிப்பாளையம் பக்கத்து அரசு ராஜாஜி மருத்துவமனையில் தொடங்கி அண்ணா நகர், கே.கே. நகர்த் தனியார் நர்சிங் ஹோம்கள் வரை மதுரையில் பரவலாகக் கிடைக்கிறது. பயன்படுத்துவதும் ஏறக்குறைய ஒன்றேதான்: ஜெல், பலூன், மாத்திரை, டிரிப்ஸ் (ஆக்சிடோசின் என்ற வலி மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றுவது). நினைத்தபடி வலி பிடித்துப் பிள்ளை பிறந்துவிட்டால் எல்லா ஆஸ்பத்திரியும் நல்ல ஆஸ்பத்திரிதான். இரண்டாம் நாள் காலையிலும் கர்ப்பவாய், அதாவது கர்ப்பப்பையின் வாய், ‘ஒரு விரல்தான் திறந்திருக்கு’ என்று சொல்லும்போதுதான் ஓர் இடத்தின் தரம் தெரியும். இந்த மதிப்பீடு அந்த இரண்டாம் நாளை வைத்துத்தான்.

முதலில், எதற்காக வரவைக்கிறார்கள் என்பதைப் பார்க்க வேண்டும். 41 வாரம் முடிந்தது, பிரஷர், சர்க்கரை, பனிக்குடம் உடைந்தும் வலி வராதது, குழந்தையின் வளர்ச்சி குறைவது ஆகியவை நியாயமான காரணங்கள். நாள் தள்ளிப்போனதுதான் காரணம் என்றால், அந்தத் தேதி எதிலிருந்து கணக்கிடப்பட்டது என்று கேளுங்கள். முதல் மூன்று மாதத்து ஸ்கேன் தேதிதான் நம்பத் தகுந்தது. மாதவிடாய்த் தேதியைத் தோராயமாகச் சொல்லியிருந்தால், 41 வாரம் என்பது உண்மையில் 39-ஆக இருக்கலாம். அந்தக் கர்ப்பவாய் இன்னும் பழுக்கவே (மெலிந்து மிருதுவாகவே) தொடங்கியிருக்காது, எந்த மருந்துக்கும் எளிதில் மசியாது. சித்திரையில் பிள்ளை பிறக்கக் கூடாது என்றோ, நட்சத்திரம் பார்த்தோ, 39 வாரத்துக்கு முன்பே வலி வரவைக்கச் சொல்லும் குடும்பங்கள் உண்டு. சரி என்று தலையாட்டும் ஆஸ்பத்திரிக்கு இந்த மதிப்பீட்டில் மதிப்பெண்ணே கிடையாது.

அடுத்து, கேஸ் ஷீட்டில் பிஷப் ஸ்கோர் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். வாய் எத்தனை செ.மீ. திறந்திருக்கிறது, எவ்வளவு மெலிந்திருக்கிறது, கெட்டியா மெதுவா, முன்னே பார்க்கிறதா பின்னே பார்க்கிறதா, தலை எவ்வளவு இறங்கியிருக்கிறது என்ற ஐந்தையும் சேர்த்து 13-க்குப் போடும் மதிப்பெண் அது. 6 அல்லது அதற்குக் கீழே என்றால் முதலில் வாயைப் பழுக்க வைக்க வேண்டும். டிரிப்ஸ் அதற்குப் பிறகுதான். மூடிக் கெட்டியாக இருக்கும் வாய்க்கு நேரடியாக டிரிப்ஸ் போட்டால், நாள் முழுக்க வலி மட்டும் இருக்கும், வாய் நகராது. ‘இண்டக்‌ஷன் ஃபெயில்’ (மருந்தால் வலி வரவைக்கும் முயற்சி தோற்றது) என்று பெயர் வாங்குவதில் கணிசமானவை இப்படி வரிசை மாறியவைதான்.

இனி ஒவ்வொரு முறையாக. டைனோப்ரோஸ்டோன் ஜெல் 0.5 மி.கி. அடைத்த சிரிஞ்சாக வரும். கர்ப்பவாய்க் குழலுக்குள் செலுத்தி, அரை மணி நேரம் படுக்க வைக்க வேண்டும். தேவைப்பட்டால் 6 மணி நேரம் கழித்து அடுத்தது. 24 மணி நேரத்தில் மூன்றுக்கு மேல் கூடாது. 2 முதல் 8 டிகிரி குளிரில் வைக்க வேண்டிய மருந்து இது. மின்வெட்டில் ஃபிரிட்ஜ் நின்ற வார்டிலும், மேசையில் கிடந்த சிரிஞ்சிலும் வீரியம் எவ்வளவு மிச்சம் என்று யாரும் சொல்ல முடியாது. ஜெல் வைப்பதற்கு முன்னும் பின்னும் குழந்தையின் துடிப்பை சிடிஜி கருவியில் பதிவு செய்ய வேண்டும். கடைசி ஜெல்லுக்குப் பிறகு 6 மணி நேரமாவது போகாமல் டிரிப்ஸ் தொடங்கினால் கர்ப்பப்பை விடாமல் இறுகிக் குழந்தையின் துடிப்பு விழலாம். ஐந்துக்கு மூன்றரை.

பலூன் என்பது சிறுநீர் போக வைக்கும் அதே ஃபோலி டியூப்தான். அதைக் கர்ப்பவாய்க்கு மேலே ஏற்றி, 30 முதல் 60 மி.லி. வரை சுத்திகரித்த நீர் நிரப்பி, மெல்ல இழுத்துத் தொடையில் பிளாஸ்டர் ஒட்டுவார்கள். மருந்தில்லை, ஃபிரிட்ஜ் வேண்டாம், விலை சொற்பம். கர்ப்பப்பை அளவுக்கு மீறி இறுகும் அபாயம் மிகக் குறைவு. முன்பு ஒரு சிசேரியன் ஆனவருக்கும் தகுந்த இடத்தில் பயன்படுத்தலாம். குறை என்னவென்றால், பலூன் தானாக விழுந்ததும் ‘வாய் திறந்திருச்சு’ என்று எல்லோரும் நிம்மதியாகிவிடுகிறார்கள். பலூன் விழுந்தால் வாய் சுமார் 3 செ.மீ. வரை விரிந்திருக்கிறது, அவ்வளவுதான். வலி தொடங்கிவிட்டதாக அர்த்தமில்லை. அடுத்து பனிக்குடம் உடைப்பதையும் டிரிப்ஸையும் தள்ளிப்போட்டால் பாதி நாள் வீணாகும். நஞ்சுக்கொடி கீழே இருப்பவருக்கு இது கூடாது. இருந்தாலும் ஐந்துக்கு நாலரை. இந்த விலைக்கு இதைவிட நல்ல சாமான் வார்டில் கிடையாது.

மிசோப்ரோஸ்டால் மாத்திரை வாய்வழி 25 மைக்ரோகிராம், இரண்டு மணி நேரத்துக்கு ஒன்று. இது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு. 25 மைக்ரோகிராம் மாத்திரையாகவே கிடைக்கிறது. 200 மைக்ரோகிராம் மாத்திரையை பிளேடால் எட்டாக நறுக்கிக் கொடுக்கும் பழக்கம் எங்காவது இருந்தால் அது ஆபத்து. ஒரு துண்டில் குறையும், அடுத்த துண்டில் கூடும். சிசேரியன் தழும்புள்ள கர்ப்பப்பைக்கு இந்த மாத்திரையே கூடாது, தழும்பு பிரியலாம். கடைசி மாத்திரைக்கும் டிரிப்ஸுக்கும் நடுவே 4 மணி நேரம் இடைவெளி வேண்டும்.

டிரிப்ஸ்தான் மிக அதிகம் பயன்படுவது, மிக அதிகம் கெடுவதும் அதுவே. 500 மி.லி. பாட்டிலில் 5 யூனிட் ஆக்சிடோசின் கலந்தால் ஒரு மி.லி.யில் 10 மில்லியூனிட். நிமிடத்துக்கு 2 மில்லியூனிட்டில் தொடங்கினால் பம்பில் மணிக்கு 12 மி.லி.; 20 துளிக்கு ஒரு மி.லி. விழும் சாதாரண செட்டில் நிமிடத்துக்கு 4 துளி. அரை மணிக்கு ஒருமுறை 2 மில்லியூனிட் கூட்டி, 10 நிமிடத்தில் 3 முதல் 5 நல்ல வலி வந்ததும் கூட்டுவதை நிறுத்த வேண்டும். வழக்கமான உச்சம் 20 மில்லியூனிட். அதைத் தொட வேண்டி வந்தால், கணக்குப்படி நாலரை மணி நேரம் பிடிக்கும். இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏனென்றால் கதை பெரும்பாலும் இப்படி ஓடுகிறது: ராத்திரி ஜெல், காலை 8 மணிக்கு டிரிப்ஸ், சாயங்காலம் 5 மணிக்கு ‘வாய் திறக்கல, ஆபரேஷன்தான்’. மொத்தம் 9 மணி நேரம். மருந்து முழு அளவில் ஓடியது அதில் பாதிதான். தாயும் குழந்தையும் நன்றாக இருந்தால், பனிக்குடம் உடைத்த பிறகு 12 முதல் 18 மணி நேரமாவது ஆக்சிடோசின் கொடுத்துப் பார்த்த பிறகே தோல்வி என்று சொல்ல வேண்டும் என்கின்றன மகப்பேறு மருத்துவ வழிகாட்டுதல்கள். முதல் பிரசவத்தில் 6 செ.மீ. வரை வாய் மெதுவாகத் திறப்பது இயல்பு. 3 செ.மீ.யில் எட்டு மணி நேரம் நின்றது தோல்வியில்லை, தொடக்கம்.

6 செ.மீ.க்குப் பிறகு நின்றால் கணக்கு வேறு. பனிக்குடம் உடைந்து, நல்ல வலி 4 மணி நேரம் இருந்தும் மாற்றமில்லை என்றாலோ, டிரிப்ஸ் கொடுத்தும் வலி போதாமல் 6 மணி நேரம் போனாலோ, அது உண்மையான தடை. வாய் முழுக்கத் திறந்தும் தலை இறங்காதது மூன்றாவது வகை. முதல் பிரசவத்தில் 3 மணி நேரம் வரை முக்கவிட்டுப் பார்ப்பார்கள்; முதுகில் வலி மறப்பு ஊசி போட்டிருந்தால் இன்னும் கொஞ்சம்.

நின்றுபோகும் காரணங்களில் பல, கவனித்தால் தீரக்கூடியவை. ராத்திரி டியூட்டியில் ஒரே நர்ஸுக்குப் பல படுக்கை என்றால் டிரிப்ஸைக் கூட்ட ஆளிருக்காது. காலை வரை அதே 4 துளியில் ஓடும். பனிக்குடத்தை உடைக்காமலேயே டிரிப்ஸ் போகும். சிறுநீர்ப்பை நிறைந்து தலையைத் தடுக்கும். குழந்தையின் முகம் தாயின் வயிற்றுப் பக்கம் பார்த்திருந்தால் இடுப்பு வலி மட்டும் கடுமையாக இருக்கும், இறக்கம் மெதுவாக இருக்கும்; இடது பக்கம் சாய்ந்து படுப்பது, எழுந்து நிற்பது, குனிந்து கட்டிலைப் பிடிப்பது உதவலாம். ஷிஃப்டுக்கு ஒரு கை பரிசோதித்தால் ஒருவருக்கு மூன்று, இன்னொருவருக்கு இரண்டு என்று வாய் ‘சுருங்கியதாக’ எழுதப்படும். இயன்றவரை ஒரே கை, 4 மணி நேரத்துக்கு ஒருமுறை. அதற்கு மேல் பார்ப்பது, அதுவும் பனிக்குடம் உடைந்த பிறகு, கிருமியை உள்ளே கொண்டுபோகும். தலை மேலே மிதக்கும்போது பனிக்குடத்தை உடைத்தால் தொப்புள்கொடி முன்னே நழுவலாம். அது நிமிடக் கணக்கில் ஆபரேஷன் கேட்கும் அவசரம். வீட்டிலிருந்து வரும் கஷாயமும் விளக்கெண்ணெயும் வாந்தி பேதியில் முடிந்து உடம்பின் நீரைத்தான் குறைக்கும்.

பனிக்குடம் உடையாமல் எல்லாம் சரியாக இருந்தால், ஜெல் பலிக்காத அன்று மருந்தை நிறுத்தி, ஒரு ராத்திரி தூங்க வைத்து, மறுநாள் பலூனோ வேறு முறையோ பார்ப்பது சரியான வழிதான். இதைத் தானாக முன்வந்து சொல்லும் ஆஸ்பத்திரி நல்லது.

காத்திருக்கவே கூடாத நேரமும் உண்டு. குழந்தையின் துடிப்பு 110-க்குக் கீழே நிற்பது, வலிக்குப் பிறகு திரும்பத் திரும்ப விழுவது, குழந்தை உள்ளேயே மலம் கழித்துத் தண்ணீர் கெட்டியான பச்சையாக வருவது, தாய்க்கு 38 டிகிரி செல்சியஸ் காய்ச்சல், ரத்தப்போக்கு, பழைய தழும்பில் விடாத வலி. இவற்றில் எது வந்தாலும் ‘இன்னும் கொஞ்சம் பார்க்கலாமே’ என்று உறவினர் பேரம் பேசக் கூடாது. 10 நிமிடத்தில் ஐந்துக்கு மேல் வலி வந்தால் முதல் வேலை டிரிப்ஸை நிறுத்துவது, பிறகு இடது பக்கம் சாய்ப்பது, அப்புறம் தேவைப்பட்டால் கர்ப்பப்பையைத் தளர்த்தும் டெர்பியூட்டலின் ஊசி 0.25 மி.கி. தோலடியில். இதை நர்ஸே டாக்டருக்குக் காத்திராமல் தொடங்கும் வார்டுக்கு முழு மதிப்பெண்.

இடங்களைப் பொறுத்தவரை, பெரிய அரசு மருத்துவமனையின் பலம் 24 மணி நேர ஆபரேஷன் தியேட்டர், ரத்த வங்கி, குழந்தைகள் தீவிர சிகிச்சை, செலவின்மை. சிசேரியனால் யாருக்கும் வருமானம் கூடுவதில்லை என்பதால் காத்திருக்கத் தயங்குவதில்லை. பலவீனம் கூட்டம். துளி எண்ணுவதும் விளக்கம் சொல்வதும் அடிபடும். துணைக்கு ஒரு பெண்ணை உள்ளே விடும் ஏற்பாட்டைக் கேட்டு வாங்குங்கள். துளி நின்றதைக் கவனித்து நர்ஸைக் கூப்பிட அம்மாவோ அத்தையோ பக்கத்தில் இருப்பது பெரிய உதவி.

தனியார் இடங்களில் பம்ப், தனி அறை, பொறுமையான பதில் எல்லாம் கிடைக்கும். சின்ன நர்சிங் ஹோம்களில் கேட்க வேண்டியது மயக்க மருந்து டாக்டரைப் பற்றித்தான்: ராத்திரி இரண்டு மணிக்குக் கூப்பிட்டால் எத்தனை நிமிடத்தில் வருவார்? சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் வைகைப் பாலங்களைக் கடப்பதே பெரும்பாடு. அவசரமில்லாத இண்டக்‌ஷனை அந்த நாளை ஒட்டி வைக்காதீர்கள். பேக்கேஜ் பேசும்போது, நார்மலுக்குத் தொடங்கி சிசேரியனில் முடிந்தால் எவ்வளவு, இரண்டாம் நாள் ஜெல்லுக்குத் தனிக் காசா, குழந்தையை இன்குபேட்டரில் வைத்தால் அது சேர்த்தியா என்று எழுதி வாங்குங்கள்.

உசிலம்பட்டி, மேலூர், திருமங்கலம் பக்கத்தவர்கள் ஒன்றை உறுதி செய்துகொள்ள வேண்டும். சிசேரியன் செய்ய முடியாத இடத்தில் இண்டக்‌ஷன் தொடங்கவே கூடாது. உசிலம்பட்டியிலிருந்து மதுரைக்குச் சுமார் 40 கிலோமீட்டர். டிரிப்ஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது 108-இல் ஏறுவதைவிட வலி தொடங்குமுன் வந்து சேர்வது மேல். நடுவில் அனுப்ப நேர்ந்தால் டிரிப்ஸை நிறுத்தி, இடது பக்கம் சாய்த்துப் படுக்க வைத்து, கடைசி ஜெல்லோ மாத்திரையோ எத்தனை மணிக்கு என்று சீட்டில் எழுதி அனுப்ப வேண்டும். அந்த ஒரு வரி இல்லாமல் வந்தால், அடுத்த ஆஸ்பத்திரி இடைவெளியை முதலிலிருந்து எண்ண வேண்டியிருக்கும்.

நீண்ட நேரம் டிரிப்ஸில் இழுத்த கர்ப்பப்பை, பிரசவத்துக்குப் பிறகு சுருங்கச் சோம்பல்படும், ரத்தப்போக்கு அதிகமாகலாம். அதனால் ரத்தத்தைப் பொருத்திப் பார்த்து வைத்தார்களா என்று முதல் நாளே கேளுங்கள், ரத்தம் கொடுக்க ஆள் தயாராக இருக்கட்டும். சிசேரியனில் முடிந்தால் டிஸ்சார்ஜ் சீட்டில் வெறும் ‘முன்னேற்றம் இல்லை’ என்று வாங்கி வராதீர்கள். ஆபரேஷனின்போது வாய் எத்தனை செ.மீ., ஆக்சிடோசின் எத்தனை மணி நேரம், தலை எங்கே நின்றது, கர்ப்பப்பையில் வெட்டு குறுக்கா நெடுக்கா என்ற நான்கும் இருக்க வேண்டும். அடுத்த பிரசவத்தில் நார்மலுக்கு முயலலாமா என்று டாக்டர் முடிவெடுப்பதில் இந்த நான்குக்கும் பெரிய பங்குண்டு.